ஊர்க் குழுவில் விளம்பரத் தொல்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட எங்கள் ஊர். வயல்கள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போட்ட அந்த நாட்களில்தான் ஊருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். எந்த ஒழுங்கையால் மரக்கறி வண்டி வரும், யார் வீட்டில் பால் கிடைக்கும், இன்று கரைவலையில் என்ன மீன் பட்டது என்று அறியத்தான் அது. எங்கள் குழுவின் முதற்செய்திகளில் பாதி விளம்பரம். அன்றைக்கு அவைதான் வீடுகளில் உலை ஏற்றின.

அதனால் "விளம்பரம் போடுகிறவர்களை எல்லாம் வெளியேற்றுங்கள்" என்று யாராவது கேட்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. விற்கிறவர் அடுத்த வளவுக்காரர். ஆனால் ஒழுங்கில்லாமல் வந்து குவியும் விளம்பரம் உயிர் ஆபத்து வரை கொண்டுபோய் விடும் என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் குழுவிலும், உறவினர்கள் கல்முனையிலும் திருக்கோவிலிலும் வாழைச்சேனையிலும் நடத்தும் குழுக்களிலும் கண்ட கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் குழுவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் ஊரில் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

அறிகுறி: அவசரச் செய்தி போட்டோம், போய்ச் சேரவில்லை

இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் விதி என்ற ஒன்றை நாங்கள் எழுதத் தொடங்கியதே இதனால்தான்.

ஒரு மார்கழி மாதம். நவகிரிக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படுகின்றன, தாழ்நிலத்தில் இருப்பவர்கள் கவனம் என்ற அறிவித்தலை மாலை ஆறு மணிக்குக் குழுவில் போட்டேன். ஏழு மணிக்குள் அதன் மேல் சேலைப் படங்கள் பதினான்கு, பிரியாணி ஓடர் எடுக்கும் செய்திகள் இரண்டு, புலமைப்பரிசில் வகுப்பு விளம்பரம் ஒன்று. யானைக் காவலுக்காக வயலுக்குப் போயிருந்த ஒருவர் அறிவித்தலைப் பார்க்கவே இல்லை. இரவு முழுவதும் வெள்ளம் சூழ்ந்த பரணில் இருந்து, விடியத் தோணியில் வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குழுவில் போட்டீர்களாமே டீச்சர், எங்கே போட்டீர்கள்?"

முதலில் நோயைச் சரியாக அறியுங்கள். நீங்கள் அனுப்பிய செய்தியை விரலால் அழுத்திப் பிடித்து, அதன் தகவல் பக்கத்தைத் திறந்தால் யார் யார் வாசித்தார்கள், யாருக்குச் சேர்ந்தும் வாசிக்கப்படவில்லை என்று இரு பட்டியல்கள் தெரியும். நீலக் குறியைத் தனி உரையாடல்களில் மறைத்து வைத்திருப்பவர்களுக்கும் குழுவில் அது மறையாது, ஆகவே இந்தப் பட்டியலை நம்பலாம். அந்த இரவுச் செய்தியை மறுநாள் காலையில் அப்படிப் பார்த்தேன். குழுவில் 412 பேர். வாசித்தவர்கள் 90 பேர்கூட இல்லை.

வாசித்தவர்கள் நிறையப் பேர், ஆனால் செய்தி மனதில் பதியவில்லை என்றால் அது குவியலில் மூழ்கிய செய்தி. வாசித்தவர்களே குறைவு என்றால் ஆட்கள் குழுவின் ஒலியை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். எட்டு மணிநேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் இருக்கின்றன. பலர் மூன்றாவதைத் தொட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். வெளியேறினால் ஊரில் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி உள்ளே இருந்துகொண்டே காதை மூடிக்கொண்டவர்கள் இவர்கள். குறை அவர்களுடையது அன்று.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. இடத்தைப் பிரியுங்கள். 2022 நவம்பரில் வட்ஸ்அப் கொண்டுவந்த 'கம்யூனிட்டி' வசதி இதற்கு மிகப் பொருத்தம். ஒரே கூரையின் கீழ் அறிவித்தல் பகுதி ஒன்று, அதில் நிருவாகிகள் மட்டுமே எழுதலாம். அதற்குக் கீழே ஊர்ப்பேச்சுக்கு ஒரு குழு, சந்தைக்கு ஒரு குழு. எங்களிடம் அறிவித்தல் பகுதியில் எழுத ஆறு பேருக்கு உரிமை: கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவர், மீனவர் சங்கத்திலிருந்து ஒருவர், மரண உதவிச் சங்கத்திலிருந்து ஒருவர், மற்ற மூவர் நாங்கள். வெள்ளம், மின்தடை, மரண அறிவித்தல், இரத்ததான வேண்டுகோள், குருமண்வெளி–மண்டூர் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடாத நாள், இவ்வளவுதான் அங்கே வரும். "சந்தையின் ஒலியை நிறுத்துங்கள், பரவாயில்லை, அறிவித்தலின் ஒலியை நிறுத்தாதீர்கள்" என்று ஆட்களிடம் சொல்லுங்கள். இதை வீடு வீடாகச் சொன்னால்தான் நடக்கும்.

அறுபது எழுபது பேர் மட்டுமே இருக்கும் சிறு குழுவுக்குப் பிரிவினை தேவையில்லை. சனிக்கிழமை விளம்பர நாள் என்று வைத்தால் போதும். கடும் மழை எச்சரிக்கை வந்தால் செய்தி அனுப்பும் உரிமையை 'நிருவாகிகள் மட்டும்' என்று மாற்றி, வெள்ளம் வடிந்ததும் திறந்துவிடுங்கள்.

அறிகுறி: விதி போட்டாயிற்று, ஒருவரும் மதிக்கவில்லை

பெரும்பாலும் அவர்கள் அந்த விதியைக் கண்டதே இல்லை. விதியைச் செய்தியாகக் குழுவில் போட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பொதுவாகப் பழைய செய்தி தெரியாது. செய்தியை மேலே பொருத்தி வைத்தாலும் 24 மணிநேரம், 7 நாள், 30 நாள் என்றுதான் கணக்கு. அதன் பின் தானாகவே இறங்கிவிடும். விதி இருக்கவேண்டிய இடம் குழுவின் விவரப் பகுதி. புதிதாக வருபவரும் அதைப் பார்க்கலாம், பழையவரும் தேடி எடுக்கலாம்.

இடம் சரி, ஆனாலும் மதிப்பில்லை என்றால் வாசகத்தைப் பாருங்கள். எங்கள் முதல் விதி "தேவையற்ற விளம்பரங்களைத் தவிர்த்துக்கொள்ளவும்" என்று இருந்தது. தன் விளம்பரம் தேவையற்றது என்று எந்த வியாபாரியாவது நினைப்பாரா? அளவு சொல்லாத விதி விதியே அன்று. மூன்று முறை மாற்றி எழுதிய பிறகு இப்போது நிலைத்திருப்பது இது:

"விளம்பரம் சந்தைக் குழுவில் மட்டும். ஒருவர் வாரத்தில் இரண்டு முறை. ஒரு முறைக்கு ஒரு செய்தி, மூன்று படம். பொருள், விலை, கிடைக்கும் ஊர், தொடர்பு இலக்கம் நான்கும் கட்டாயம். மது, புகையிலை, மருந்து, கடன், ஆள் சேர்த்துப் பணம் பெறும் திட்டம் கூடாது. தவறினால் முதலில் தனியாகச் சொல்வோம். இரண்டாம் முறை செய்தியை நீக்குவோம். மூன்றாம் முறை ஒரு மாதம் வெளியே. பிறகு மீண்டும் வரலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஊரில் ஒருவரை என்றென்றைக்கும் வெளியே வைக்க எவராலும் முடியாது. கோயில் திருவிழாவில் ஒரே பந்தலில் நிற்கவேண்டியவர்கள் நாம்.

இன்னொன்று. நிருவாகி பிறர் செய்தியை நீக்கினால் இன்னார் நீக்கினார் என்று அந்த இடத்தில் தெரியும். கண்டிக்கிற தோற்றம் அதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே முதலில் தனியாக அழைத்து, "தம்பி, இதை எடுத்துச் சந்தையில் போட்டுவிடும்" என்று சொல்லுங்கள். அவரே எடுத்துவிட்டால் அவமானம் இல்லை. அனுப்பியவர் எல்லோருக்கும் அழிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் பேசிவிடுங்கள்.

அறிகுறி: முற்றாகத் தடைசெய்தோம், குழுவே அடங்கிப்போயிற்று

எங்களுக்கு நேர்ந்தது இது. வெள்ளச் சம்பவத்துக்கு அடுத்த நாள் கோபத்தில் எல்லா விளம்பரத்தையும் நிறுத்தினோம். இரண்டு மாதத்தில் குழுவில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும் எஞ்சின. முட்டித் தயிர் விற்கிறவர், கணவாய்க் கருவாடு போடுகிறவர், மருதமுனைச் சாரம் வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் எல்லாரும் போய்விட்டார்கள். அவர்களைத் தேடி வந்த வாங்குபவர்களும் குழுவைத் திறப்பதை விட்டுவிட்டார்கள். சந்தை கூடுகிற இடத்தில்தான் ஊர்ச் செய்தியும் பரவும். களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போய் வருகிறவருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

தடையை எடுத்துவிட்டு மேலே சொன்ன விதியைப் போடுங்கள். போனவர்களை நிருவாகியே நேரில் போய் அழைக்கவேண்டும். வெளியேறியவர்களின் பட்டியல் குழுத் தகவலில் 60 நாள் வரை இருக்கும்.

அறிகுறி: "அவர் போடலாம், நான் போடக்கூடாதா?"

இந்தக் கேள்வி குழுவில் ஒருமுறை வந்துவிட்டால் மற்ற எல்லா விதியும் ஆட்டம் காணும். ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பனங்கிழங்கும் அச்சாறும் செய்து விற்கும் ஓர் அக்கா. ஊர்ப்பேச்சுக் குழுவில் விளம்பரம் போட்டார் என்று அவருடைய செய்தியை நீக்கினேன். அதே நாள் மாலை ஒரு தனியார் வகுப்பின் விளம்பரம் அங்கேயே வந்தது. படிப்பு விடயம்தானே என்று விட்டுவிட்டேன். அந்த ஆசிரியர் எங்கள் நிருவாகி ஒருவரின் தம்பி என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை; ஆனால் ஊர் முழுவதற்கும் தோன்றியிருக்கிறது. அக்கா ஒரு சொல் சொல்லாமல் வெளியேறினார். ஒரு கிழமை கழித்து வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறதும் காசுக்குத்தானே டீச்சர்."

அவர் சொன்னதைத்தான் விதியாக்கினோம். பொருளோ சேவையோ, அதன் முடிவில் காசு கைமாறுகிறதென்றால் அது விளம்பரம். வகுப்பு, சோதிடம், காணி, வாடகை வாகனம், அறுவடை இயந்திரம், கலியாண மண்டபம் எல்லாம் அதில் அடங்கும். இலவச வகுப்பு அடங்காது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருக்கும் நோயாளிக்கு இரத்தம் கேட்பது அடங்காது. எல்லாரையும் ஒரே மரைக்காலால் அளக்கிறோம் என்று ஊர் கண்டால், அளவு சிறிதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

நடைமுறையில் இரண்டு செய்யுங்கள். நிருவாகியின் உறவினர் விளம்பரத்தில் சிக்கல் வந்தால் அந்த நிருவாகி ஒதுங்கி, வேறொருவர் முடிவு செய்யவேண்டும். அடுத்து, ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் நீக்கிய ஒவ்வொரு செய்தியையும் எழுதுங்கள்: திகதி, பொருள், எந்த விதி. கேட்பவருக்குக் காட்டுங்கள். எங்களிடம் முதல் ஆறு மாதத்தில் நான்கு பேர் கேட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு எவரும் கேட்கவில்லை.

அறிகுறி: விளம்பரம் இல்லை, ஆனால் விளம்பரம்போல் இருக்கிறது

தைப்பொங்கல் வாழ்த்து, கீழே பாதிப் படத்துக்குக் கடையின் பெயரும் இலக்கமும். வெள்ள நிவாரணம் கொடுக்கும் படம். நிவாரணப் பொதியைவிடப் பெரிய பதாகை. இதற்கு எனக்குத் தெரிந்த எளிய சோதனை: கடைப் பெயரையும் இலக்கத்தையும் பெருவிரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சமிருப்பது ஊருக்குப் பயன்படும் செய்தியா? ஆம் என்றால் இருக்கட்டும். இல்லை என்றால் சந்தைக்கு அனுப்புங்கள், வாரக் கணக்கில் ஒன்றாக எண்ணுங்கள்.

இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலமுறை கைமாறி வந்தது. அதை அனுப்பியவர் விற்பவர் அல்லர். பெரும்பாலும் நல்லெண்ணத்தில் தட்டிவிட்டவர். "விற்பவரே நேரில் போடவேண்டும், பிறர் விளம்பரத்தை அனுப்பக்கூடாது" என்ற ஒரு வரி எங்கள் சந்தைக் குழுவில் பாதிக் குப்பையைக் குறைத்தது.

விலை போடாமல் "தனியாகக் கேட்கவும்" என்று வரும் விளம்பரங்கள் வேறு வகை. நான் இவற்றை அனுமதிப்பதில்லை. ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு வேறு விலை என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அறிகுறி: குழு அமைதி, ஆனால் உறுப்பினர்களின் தனி இலக்கத்துக்கு விளம்பரம் வருகிறது

யாரோ குழுவின் இணைப்பைப் பிடித்து உள்ளே வந்து இலக்கங்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். இதை நான் மிகக் கடுமையாகப் பார்க்கிறேன், ஏனென்றால் முதலில் பாதிக்கப்படுவது பெண்கள். சேலை விளம்பரமாகத் தொடங்கி "எங்கே இருக்கிறீர்கள்" என்று முடியும்.

உடனே அழைப்பு இணைப்பைப் புதுப்பியுங்கள். பழைய இணைப்பு வேலை செய்யாது. புதிய உறுப்பினருக்கு நிருவாகி ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை இயக்குங்கள். பிறரைச் சேர்க்கும் உரிமையை நிருவாகிகளுக்கு மட்டும் வையுங்கள். பிறகு உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். ஊரில் எவருக்கும் தெரியாத இலக்கம் இருந்தால் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நீக்குங்கள். தொல்லை அடைந்தவர் வெளியில் சொல்லக் கூச்சப்படுவார். ஆகவே நிருவாகிகளில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கட்டும். "அத்துமீறியவருக்கு முதல் எச்சரிக்கை கிடையாது" என்று விதியிலும் எழுதுங்கள்.

அறிகுறி: பணம் போய்விட்டது, குழுவில் பார்த்துத்தான் நம்பினேன் என்கிறார்கள்

இங்கே தனியாகச் சொல்வது, இரண்டாம் முறை என்பதெல்லாம் இல்லை. கண்டவுடன் நீக்கவேண்டும்.

ஆள் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட் திட்டங்கள் 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவினால் தடைசெய்யப்பட்டவை. நடத்துவது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் அதில் அடங்கும் என்பதை உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பலர் தெரியாமல் பகிர்கிறார்கள். சந்தேகம் என்றால் மத்திய வங்கியை 1935 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

வெளிநாட்டு வேலை விளம்பரம் எங்கள் பக்கத்தில் மிகுதி. ஒவ்வோர் ஒழுங்கையிலும் மத்திய கிழக்குக்குப் போனவர் ஒருவர் இருக்கிறார். முகவர் நிலையத்தின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும் இல்லாத வேலை விளம்பரத்தை அனுமதிக்காதீர்கள். இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஒத்துப் பாருங்கள். சுற்றுலா விசாவில் அனுப்புகிறோம் என்று எவராவது சொன்னால் வேறு எதையும் பார்க்காமல் நீக்கிவிடுங்கள்.

கடன் விளம்பரத்தை நாங்கள் முற்றாகத் தடுத்தோம். நுண்கடன் வாங்கி வாராவாரம் கட்ட முடியாமல் தவித்த பெண்களை இந்த மாவட்டத்தில் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மது, புகையிலை விளம்பரத்துக்கு 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. அதில் பேச்சே இல்லை.

வாங்கிய பொருள் விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக இருந்தால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம், 1977 என்ற இலக்கத்தில், முறையிடலாம். நிருவாகி நீதிபதியாகப் போகவேண்டாம். வாங்கியவரும் விற்றவரும் குழுவிலேயே ஏசிக்கொள்ளத் தொடங்கினால் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை அந்த விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்.

முகநூல் குழு நடத்துகிறவர்களுக்கு

உங்கள் வேலை சற்று எளிது. விதிகளைத் தனிப்பகுதியில் பத்து வரை எழுதலாம். சேர வருபவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம், "எந்த ஊர்?", "விளம்பர விதியை வாசித்தீர்களா?" என்ற இரண்டே போதும். இணைப்புள்ள பதிவையும் குறிப்பிட்ட சொற்கள் உள்ள பதிவையும் தானாகத் தடுத்து வைக்கும் வசதியும் உண்டு. தமிழ்ச் சொல்லைப் பலவாறாக எழுதுவார்கள் என்பதால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஆறு மாதத்தில் பழையபடி

விதி எழுதிய காலமும் இப்போதைய காலமும் வேறாகியிருக்கும். பெரும்போக அறுவடை வரும் மாசி, பங்குனியில் அறுவடை இயந்திரக்காரருக்கும் நெல் ஏற்றும் லொறிக்காரருக்கும் வாரத்துக்கு இரண்டு விளம்பரம் போதவே போதாது. வாங்குபவருக்கும் அவர்கள் இலக்கம் தேவை. அந்த இரண்டு மாதமும் வேளாண்மை விளம்பரத்துக்கு எண்ணிக்கை வரம்பைத் தளர்த்துகிறோம். தளர்த்துகிறோம் என்று முன்கூட்டியே எழுதியும் விடுகிறோம். இல்லையென்றால் அது சலுகையாகத் தெரியும். பிறகு எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்று குழுவிலேயே வாக்கெடுக்கிறோம்.

ஆண்டில் இன்னொரு முறை, ஒக்டோபரில் மழைக்கு முன், குழுவைச் சோதிக்கிறோம். அறிவித்தல் பகுதியில் "இது பரிசோதனைச் செய்தி" என்று ஒன்று போட்டு, இரண்டு மணிநேரம் கழித்து வாசிக்காதவர்களின் பட்டியலை எடுக்கிறோம். பிறகு அந்த வீடுகளுக்குப் போய்த் தொலைபேசியை வாங்கி ஒலியைத் திறந்துவிட்டு வருகிறோம். யானைக் காவலுக்குப் போகிறவர்களின் இலக்கங்கள் கொப்பியின் கடைசித் தாளில் தனியாக இருக்கின்றன. கதவு திறக்கும் செய்தி வந்தால் அவர்களுக்கு மட்டும் ஒவ்வொருவராக அழைப்பெடுக்கிறோம்.